தட்டின் கடைசி அட்டை

உபதேசியார் தேவநேசன் பிரசங்கம் செய்யும்போது ஒரு கண் எப்போதும் வாசலுக்கு வெளியேதான் இருக்கும். வாசலுக்கு நேராக வரப்பு, வரப்புக்கு அப்பால் வாய்க்கால், அதற்கும் மேலே ஏரிக்கரை. ஐப்பசி, கார்த்திகையில் அந்தக் கண் ஏரிக்கரையை விட்டு நகராது. ஒருமுறை நீண்ட ஜெபத்தின் நடுவே மடை உடைந்ததைப் பார்த்துவிட்டார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடி, மடையை அடைத்துவிட்டு, முழங்கால்வரை சேற்றோடு திரும்பி வந்து நின்ற இடத்திலேயே நின்று, விட்ட வார்த்தையிலிருந்து ஜெபத்தைத் தொடர்ந்தார். அதுவரை சபையார் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தவள் அவருடைய மனைவி ரத்தினபாய் மட்டும்தான். அவர் கண் ஏரியைப் பார்க்கும். அவள் கண் அவரைப் பார்க்கும். பேச்சு அவளுக்கு வராது. மிஷன் ஹாஸ்டலில் மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. எழுத்துக்கூட்டிப் படிப்பாள், நாலு பேர் முன்னால் வாய் திறக்க மாட்டாள்.

சித்தேரிமேட்டுக்கு வழி கேட்டால் அன்று தாம்பரத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. முடிச்சூர் ரோட்டில் இறங்கித் தெற்கே வண்டிப்பாதையில் இரண்டு மைல் நடக்க வேண்டும். ஐம்பதுகளில் மதுராந்தகம் பக்கத்திலிருந்து ஐந்து மெதடிஸ்ட் குடும்பங்கள் வந்து சேர்ந்தபோது அங்கே கருவேலமும் கோரையும்தான் இருந்தன. தேவநேசனுக்கு அப்போது இருபது வயது. வந்த இரண்டாம் வருஷம் கோரை அறுத்துக்கொண்டிருந்த அவருடைய அப்பாவைப் பாம்பு கடித்தது. தாம்பரம் ஆஸ்பத்திரிக்குக் கட்டிலில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பாதி வழியில் கட்டிலைத் திருப்பினார்கள். அதுவரை வேதம் படித்தவர் அப்பாதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று படிக்க எழுத்து தெரிந்தவர் வேறு யாருமில்லை. தேவநேசன் எழுந்து நின்றார். அப்படித்தான் அவர் உபதேசியார் ஆனார்.

போதகருக்குச் சுற்று வட்டாரத்தில் ஒன்பது கோயில்கள். மாதம் ஒரு ஞாயிறு சைக்கிளில் வந்து நற்கருணை கொடுத்துவிட்டுப் போவார். மற்ற ஞாயிறுகள் தேவநேசனுடையவை. சம்பளம் கிடையாது. வாரத்தில் ஆறு நாள் தன் இரண்டு காணியில் உழுவார், வரப்புக்கு அண்டை கட்டுவார், களை எடுப்பார். ஞாயிறு பிரசங்கத்தைச் சனிக்கிழமை ஏர் ஓட்டும்போது சத்தமாகச் சொல்லிப் பார்ப்பார். "மாட்டுக்குப் புரிஞ்சா நமக்கும் புரியும்" என்பாள் கிளியம்மாள்.

கிளியம்மாள் அந்த ஐந்து குடும்பங்களில் ஒன்றில் வாழ்க்கைப்பட்டு வந்தவள். புருஷன் போய் வெகு நாளாகிவிட்டது. மாரி என்று ஒரே மகன், பல்லாவரத்தில் தோல் ஷெட்டில் வேலை. சுண்ணாம்புத் தொட்டியில் நின்று நின்று அவன் கைத்தோல் வெளுத்து உரிந்திருக்கும். கிளியம்மாளுக்கு நாற்பது சென்ட் நிலமும், அதன் நடுவே மேடான இடத்தில் மண்சுவர் வீடும் இருந்தன. ஏரி நிறைந்தால் உபரித் தண்ணீர் வழிகிற கல்மேட்டைக் கலங்கல் என்பார்கள். கலங்கலிலிருந்து ஓடைக்குப் போகும் வாய்க்கால் அவள் நிலத்தில்தான் நுழையும். அங்கிருந்துதான் தேவநேசனின் வயலுக்கும் மற்றவர்கள் வயலுக்கும் பிரியும். கோயிலைப் பெருக்குகிறவளும் அவள்தான். பெருக்கிவிட்டு வாசலோரம் உட்காருவாள்.

சபையில் ஒரு வழக்கம் உண்டு. வருஷப் பிறப்பன்று ஆராதனை முடிந்ததும் ஆளுக்கொரு வசன அட்டை எடுப்பார்கள். கையில் வருகிற வசனம்தான் அந்த வருஷத்துக்கு ஆண்டவர் அவர்களுக்குக் கொடுத்த வாக்கு. பட்டணத்தில் அச்சடித்த அட்டைகள் கிடைக்கும். சித்தேரிமேட்டில் பழைய கல்யாணப் பத்திரிகைகளை ரத்தினபாய் சீராக வெட்டிக் கொடுப்பாள். தேவநேசன் பின்பக்கத்தில் நீல மையால் நிமிர்ந்த எழுத்தில் எழுதுவார். எத்தனை பேரோ அத்தனை அட்டை. காணிக்கைத் தட்டில் கவிழ்த்துப் பரப்பி, மேலே வெள்ளைத் துணி மூடி, ரத்தினபாய் தட்டை ஏந்தி வரிசையாக வருவாள். துணிக்கடியில் கையை விட்டு எடுக்க வேண்டும். வாசலோரம் இருப்பதால் கிளியம்மாள் எப்போதும் கடைசி. "எல்லாம் பொறுக்கினது போவ எனக்குனு ஒண்ணு நிக்குது பாரு, அதான் அசலு" என்று ஒவ்வொரு வருஷமும் சொல்வாள்.

எண்பத்து நாலாம் வருஷம் கார்த்திகையில் ஜெயவேலு வந்தான். கிழக்குப் பக்கத்து நிலங்கள் அவன் அப்பாவுடையவை. அவற்றில் மஞ்சள் கல் நட்டு மனை போட்டு விற்று முடித்துவிட்டு இந்தப் பக்கம் கண் வைத்தான். புல்லட்டை வரப்பிலேயே நிறுத்தினான்.

"உபதேசியாரே, கிரவுண்டு இன்னா வெல போவுதுனு தெரியுமா? தெரிஞ்சா நீ பிரசங்கத்த வுட்டுட்டுப் பத்திரம் எழுத வந்துடுவே."

"இது தண்ணி போற வழி தம்பி" என்றார் தேவநேசன். "ஏரி நெறஞ்சா இப்படித்தான் வரும். வூட்ட கட்டிட்டா தண்ணி எங்க போவும்?"

"தண்ணி வரப்போ பாத்துக்கலாம். இப்போ துட்டு வருது, அத்தப் பாரு."

அவனுக்கு முதலில் வேண்டியது கிளியம்மாளின் நாற்பது சென்ட். மனைப்பிரிவுக்கு ரோடு அந்த வழியாகத்தான் சுலபம். மாரி விற்றுவிடத் துடித்தான். விற்ற பணத்தில் ஆட்டோ வாங்க வேண்டும், தோல் ஷெட்டை விட்டுவிட வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் வைத்தே அம்மாவிடம் கையை நீட்டிக் காட்டினான்.

"இந்தக் கையப் பாரு யம்மா. இன்னும் ரெண்டு வருசம் போனா சோறு பெசைய முடியாது."

கிளியம்மாள் அந்தக் கையைப் பார்த்தாள். நீண்ட நேரம் பார்த்தாள். பிறகு எல்லோரும் கேட்கச் சொன்னாள்: "வருசப் பொறப்பு வருது. என் வசனம் இன்னா சொல்லுதோ அத்தச் செய்றேன்."

"விக்கச் சொன்னா விப்பியா?"

"விப்பேன்."

"அப்போ சரி. ஒன் சாமி நல்ல சாமிதான், விக்கத்தான் சொல்லும்" என்று சிரித்தான் மாரி. சபையாரும் சிரித்தார்கள். ரத்தினபாய் தன் கணவரைப் பார்த்தாள். அவருடைய கண் வாசலுக்கு வெளியே, வாய்க்காலின் மேல் இருந்தது. அவர் சிரிக்கவில்லை.

அந்த வாரம் முழுக்க அவர் சரியாகச் சாப்பிடவில்லை. வருஷக் கடைசி நாள் பிற்பகல், வீட்டு நடையில் உட்கார்ந்து அட்டைகளை எழுதினார். சபையில் முப்பத்தேழு பேர். ரத்தினபாய் முப்பத்தேழு அட்டை வெட்டியிருந்தாள். எழுதி முடித்த பிறகு அடுக்கினாள். முப்பத்தெட்டு இருந்தது.

"ஒண்ணு அதிகமா கீது" என்றாள்.

அவர் பேனாவை மூடினார். "அதிகமில்ல. இது தனி." தானே வெட்டிச் சேர்த்திருந்த அட்டையைப் பிரித்து எடுத்து அவள் கையில் கொடுத்தார். "இத்த தட்டுக்கு அடியில வெச்சு கட்டவெரலால புடிச்சுக்க. எல்லாரும் எடுத்தப்புறம் மேல ஒண்ணு மிஞ்சும். அத்த எடுத்துட்டு இத்த வெச்சுடு."

அவளுக்குப் புரிய நேரமாகவில்லை. அட்டையை எழுத்துக்கூட்டிப் படித்தாள். பஞ்ச காலத்தில் ஊரைவிட்டுப் புறப்பட இருந்த ஒருவரிடம், போகாதே, இந்தத் தேசத்திலேயே தங்கியிரு என்று ஆண்டவர் சொன்ன வசனம்.

"அஞ்சு குடும்பம் வந்து வெட்டின காடு ரத்னம். அந்தக்கா வித்தா வாய்க்கா போச்சு. வாய்க்கா போனா ஒவ்வொருத்தரா வித்துட்டுப் போயிடுவாங்க. சபைனு ஒண்ணு இருக்காது." மை பட்ட விரலைத் துடைத்துக்கொண்டார். "ஆண்டவர் வசனம்தானே. நான் எடுத்து வெச்சா பொய்யாயிடுமா?"

வாய்க்கால் போனால் முதலில் காய்வது எந்த இரண்டு காணி என்று ரத்தினபாய்க்குத் தெரியும். அதை அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிற்பாடு எத்தனையோ முறை யோசித்தாள்.

மறுநாள் காலை தட்டை ஏந்தினாள். கட்டைவிரலுக்கடியில் அந்த அட்டை ஈரமாகியது. முப்பத்தாறு பேர் எடுத்தார்கள். வாசலை நோக்கித் திரும்பும்போது சபைக்கு முதுகைக் காட்டினாள். ஒரு கணம்தான். கிளியம்மாள் துணிக்கடியில் கையை விட்டு ஒற்றை அட்டையை எடுத்தாள். "அசலு" என்று சொல்லிவிட்டு உபதேசியாரிடம் கொடுத்தாள், அவளுக்கு எழுத்து தெரியாது. தேவநேசன் வாங்கிப் படித்தார். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. இந்த மனிதருக்கு இப்படியும் படிக்க வரும் என்று அன்றைக்குத்தான் ரத்தினபாய்க்குத் தெரிந்தது.

மாரி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"கேட்டுகினியா?" என்றாள் கிளியம்மாள்.

"கேட்டேன்" என்றான் மாரி. "ஊருக்கெல்லாம் வாக்கு குடுக்கற ஒன் சாமிக்கு எங்கையி மட்டும் கண்ணுல படல."

தை முடிவதற்குள் அம்மாவுக்கும் மகனுக்கும் பேச்சு முற்றியது. வாக்கை மீற மாட்டேன், இஷ்டமில்லாதவன் இந்த வூட்டுல இருக்க வேணாம் என்று அவள் சொல்லிவிட்டாள். மாரி ஒரு பையோடு பம்பாய்க்கு ரயில் ஏறினான். கடிதம் வரவில்லை.

தட்டிலிருந்து எடுத்த அசல் அட்டை ரத்தினபாயிடம் இருந்தது. வசனம் எழுதிய தாளை அடுப்பில் போட மாட்டார்கள், காலில் படும்படி எறியவும் மாட்டார்கள். கிழிந்த ஜெபப் புத்தகத்தைக்கூடக் குழி தோண்டிப் புதைப்பார்கள். அவள் அதைப் பொத்தான் டப்பாவில் வைத்து மூடினாள். படிக்கவில்லை. இரண்டொரு முறை டப்பாவைத் திறந்து, கவிழ்ந்திருந்த அட்டையின் மறுபக்கத்தில் யாரோ ஒரு மணமக்களின் பெயரைப் பார்த்துவிட்டு மூடிவிட்டாள்.

ஜெயவேலு கோபப்படவில்லை. அதுதான் முதல் கெட்ட அறிகுறி. கிளியம்மாளை விட்டுவிட்டு அவளைச் சுற்றி வாங்கினான். பங்குனியில் ஒரு குடும்பம் விற்றது, சித்திரையில் இரண்டு. ரோட்டை வேறு பக்கமாக வளைத்துப் போட்டான். வைகாசி முழுக்க லாரி லாரியாக மண் வந்து இறங்கியது. மனைகள் மார்பளவு உயர்ந்தன. வாய்க்கால் இருந்த இடம் தெரியவில்லை. ஊரிலேயே மேடாக இருந்த கிளியம்மாளின் வீடு இப்போது ஒரு சட்டியின் அடியில் உட்கார்ந்திருந்தது. ஆடியில் தேவநேசனின் இரண்டு காணியும் வெடித்தன. எதைக் காப்பாற்ற அவர் அந்த அட்டையை எழுதினாரோ அது ஆறே மாதத்தில் போய்விட்டது. கிளியம்மாள் மட்டும் அங்கேயே இருந்தாள்.

தேவநேசன் ஜெயவேலுவைத் தேடிப் போனார்.

"ஏரி நெறஞ்சா அந்தக்கா வூடு முழுவிடும் தம்பி. வாய்க்கால தொறந்து வுடு."

"இதுக்கா பேஜார் பண்றே? ஒரு பைப்பு போட்டுடறேன்" என்றான். போட்டான். தண்ணீர்க் குடத்தின் வாயளவு சிமெண்ட் குழாய்.

தேவநேசன் பிரசங்கம் செய்வது மாறிவிட்டது. கண் வெளியே போவதில்லை, கையிலிருக்கும் புத்தகத்திலேயே இருந்தது. ரத்தினபாய் கவனித்தாள். வாசலோரம் கிளியம்மாள் உட்கார்ந்திருந்தாள் என்பதால் அந்தப் பக்கமே அவர் பார்ப்பதில்லை. கிளியம்மாளோ அட்டையைப் பால் கவருக்குள் போட்டு வீட்டு நிலைப்படிக்கு மேல் ஆணியடித்து மாட்டியிருந்தாள். "பெத்த புள்ளயவே இதுக்காவ வுட்டேன். அது என்ன வுடுமா?" என்று வந்தவர்களிடம் காட்டுவாள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. மூன்று நாள் விடவில்லை. மூன்றாம் நாள் தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் தண்டவாளம் தெரியவில்லை என்றும், ரயில் நின்றுவிட்டது என்றும் சொன்னார்கள். மிச்சமிருந்த சபையார் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்கள். கிளியம்மாளைக் கூப்பிட்டார்கள். அவள் வரவில்லை.

நாலாம் நாள் விடிந்ததும் தேவநேசன் கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு கரைக்குப் போனார். ஏரி கலங்கலைத் தாண்டி வழிந்துகொண்டிருந்தது. பழைய பழக்கத்தில் வாய்க்காலைத் தேடி வந்த தண்ணீர், கொட்டிய மண்ணில் முட்டி நின்றது. பிறகு யோசித்துத் திரும்புவதுபோல இடப்பக்கம் திரும்பியது.

வீட்டுக்கு வந்தவர் நடையில் நின்றபடியே, "அவ வர மாட்டேன்றா" என்றார். "வாக்கு கீதுன்றாளாம்."

ரத்தினபாய் உள்ளேயிருந்து நடைக்கு வந்தாள்.

"நான் சொல்லிடணும். இல்லனா அந்தப் பொம்பள செத்துடுவா." சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். சொல்லாமலிருக்க அவள் ஒரு வழி சொல்வாள் என்று எதிர்பார்த்ததுபோல் இருந்தது. முப்பது வருஷமாக அந்த ஊரில் அவருக்கிருந்தது வயலும் சொல்லும்தான். வயல் போயிருந்தது.

அவள் உள்ளே போய்ப் பொத்தான் டப்பாவை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள். "வாங்க" என்றாள்.

கிளியம்மாளின் வீட்டு வாசலில் தண்ணீர் தொடை வரைக்கும் வந்திருந்தது. உள்ளே கயிற்றுக் கட்டிலைச் செங்கல் மேல் ஏற்றி அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு வெள்ளாடு.

"வா உபதேசியாரே. கோயிலு என்னாண்டையே வந்துட்ச்சா?"

"அக்கா, எழுந்து வா. செவுரு நிக்காது."

"எங்க வர்றது? எனக்கு இங்கதான் இருக்கச் சொல்லி கீது. நீதானே படிச்ச."

தேவநேசன் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டார். தலைக்கு நேர் மேலே பால் கவருக்குள் அவருடைய நீல எழுத்து.

"அது ஆண்டவர் குடுத்தது இல்லக்கா. நான் வெச்சது. நீ விக்கக் கூடாதுன்னு நானே எழுதி உன் கைக்கு வர மாதிரி வெச்சேன். எங்காணிக்கு தண்ணி போயிடுமேன்னு வெச்சேன்."

கிளியம்மாள் அவரையே பார்த்தாள். பிறகு சிரித்தாள், அன்பான சிரிப்பு.

"நல்லா கத கட்டிகினு வந்துகீறயே. முப்பது வருசமா ஒரு பொய் சொல்லி நான் கேட்டதில்ல. என்னக் கெளப்பறதுக்கு இன்னிக்கு ஒண்ணு சொல்றியாக்கும்."

"பொய் இல்லக்கா."

"சத்தியம் பண்ணு, பாப்போம்."

அவர் வாய் திறந்து, மூடினார். சத்தியம் செய்யக் கூடாது, ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை, அவ்வளவுதான் கிறிஸ்தவனுடைய பேச்சு என்று அந்தச் சபைக்கு வருஷா வருஷம் போதித்தது அவர்தான்.

"பாத்தியா" என்றாள் கிளியம்மாள். "போ. நீ போய் ரத்னத்த பத்ரமா வெச்சுக்க. எனக்கு ஒண்ணும் ஆவாது."

பின்சுவரிலிருந்து ஒரு மண்கட்டி கழன்று தண்ணீரில் விழுந்தது. ஆடு கத்தியது.

ரத்தினபாய் கணவரைத் தாண்டி உள்ளே வந்தாள். தண்ணீர் அவள் இடுப்பைத் தொட்டது. பேசத் தொடங்கியபோது அது தன் குரல் மாதிரி அவளுக்கே தோன்றவில்லை.

"அக்கா, தட்டு என் கையில இருந்திச்சு. அடியில ஒரு அட்டைய கட்டவெரலால புடிச்சுகினு வந்தேன். முப்பத்தாறு பேரு எடுத்தாங்க. வாசலாண்ட திரும்பறப்போ மேல இருந்தத எடுத்துட்டு அத்த வெச்சேன். ஒனக்குனு நின்னது அது இல்ல. இது." டப்பாவைத் திறந்து அட்டையை நீட்டினாள்.

கிளியம்மாள் கையை நீட்டவில்லை. ரத்தினபாய் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அந்த ஊரில் யாரும் கேட்டதில்லை. பொய் சொல்வதற்கு முதலில் பேச வேண்டும். இவள் பேசவே மாட்டாளே.

"படி" என்றாள் கிளியம்மாள். தேவநேசன் கையை நீட்டியதும், "நீ இல்ல" என்றாள். "அவ படிக்கட்டும்."

ரத்தினபாய் எழுத்துக்கூட்டினாள். இருட்டிய அந்த அறையில், தண்ணீர்ச் சத்தத்தின் நடுவே, ஒவ்வொரு எழுத்தாக. தலை நரைக்கிற வயது வரைக்கும் உன்னைச் சுமப்பேன் என்று ஆண்டவர் சொல்லும் வசனம். போ என்றும் இல்லை, இரு என்றும் இல்லை. நிலத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

கிளியம்மாள் தன் நரைத்த தலையைத் தடவிக்கொண்டாள்.

"அப்போ மாரி?" என்றாள்.

ரத்தினபாய் அட்டையை டப்பாவில் வைத்து மூடினாள்.

"எம் புள்ள இன்னா கேட்டான்? ஒரு ஆட்டோ கேட்டான். இதுல வேணாம்னு எங்க கீது?" குரல் ஏறவில்லை. சந்தேகம் கேட்பதுபோலவே கேட்டாள். "கையக் காட்டினானே."

பிறகு கட்டிலை விட்டு இறங்கினாள். ஆட்டின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டாள். வாசலில் தேவநேசன் கையை நீட்டினார். அவள் அதைத் தொடவில்லை.

"நீ முன்னால போ உபதேசியாரே. வழி உனக்குத்தான் தெரியும். திரும்பிப் பாக்காத. ஒம் முதுகு தெரிஞ்சா போதும், மூஞ்சி வேணாம்."

அப்படியே போனார்கள். முன்னால் அவர், நடுவில் ஆட்டோடு கிளியம்மாள், பின்னால் ரத்தினபாய். மண் கொட்டிய மனைகளின் மேல் ஏறிய பிறகுதான் சத்தம் கேட்டது. ரத்தினபாய் மட்டும் திரும்பிப் பார்த்தாள். கூரை அப்படியே தண்ணீரில் உட்கார்ந்திருந்தது.

பள்ளிக்கூடத்தில் எல்லோரும் கேட்டார்கள், எப்படி வந்தாய் என்று. கிளியம்மாள் நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். யாரும் தேவநேசனைத் திட்டவில்லை. அடுத்த ஞாயிறு வந்தார்கள், உட்கார்ந்தார்கள். அவர் வேதத்தைத் திறந்து படித்தபோது முன்வரிசையில் ஒருவர் எட்டி, அது உண்மையிலேயே அந்தப் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்தார். அவ்வளவுதான். அந்த வாரமே தேவநேசன் தாம்பரத்துக்கு நடந்து போய்ப் போதகரிடம், பிரசங்கிமார் பட்டியலிலிருந்து தன் பெயரை எடுத்துவிடச் சொன்னார்.

கிளியம்மாள் தை மாதம் ஜெயவேலுவுக்கு விற்றாள். அந்தப் பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு மகனைத் தேடிப் பம்பாய்க்குப் போனாள். அவன் விலாசம் கையில் கிடையாது. திரும்பி வரவும் இல்லை.

பத்து வருஷத்தில் சித்தேரிமேடு என்ற பெயரே போய் எழில் நகர் என்று போர்டு வந்தது. மாடி வீடுகள், கேட்டுக்கு வெளியே துளசி, சாயந்திரம் தாம்பரம் ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்திறங்கும் ஆபீஸ்காரர்கள். தேவநேசனுக்கு ஒரு கிரவுண்டும் பழைய வீடும் மிஞ்சின. வருஷா வருஷம் புரட்டாசி பிறந்ததும் அவர் வீடு வீடாகப் போவார். ரத்தினபாய் கேட் பக்கம் நிற்பாள்.

"சார், இங்க ஒரு வாய்க்கா இருந்திச்சு. உங்க வூடு அது மேலதான் கீது. ஏரி நெறஞ்சா ராவோ பகலோ தெரியாது, வந்துடும். எல்லாரும் சேந்து அந்தப் பைப்ப எடுத்துட்டு வழி வெட்டணும்."

அப்படிப் போன ஒரு வருஷம் குடியிருப்போர் சங்கத் தலைவராக இருந்தவர் பட்டாபிராமன், பேங்கில் வேலை. மரியாதையானவர். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்.

"லேஅவுட் பிளான்ல வாய்க்கால்னு ஒண்ணும் காட்டலையே, பெரியவரே."

"பிளான் போட்டவன் மூடிட்டுத்தான் போட்டான் சார்."

பட்டாபிராமன் தயங்கினார். "தப்பா எடுத்துக்காதீங்க. ஜெயவேலு சார் ஒரு விஷயம் சொன்னார். நீங்க சர்ச்ல பிரசங்கம் பண்ணிண்டிருந்தப்போ, யாரோ ஒரு அம்மாகிட்ட, கடவுள் சொன்னதாவே ஒரு பொய்... அது நெஜமா?"

ரத்தினபாய் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஜெயவேலுவின் பேச்சுக்கு எதிராக ஒரு கிழவரின் பேச்சு, நம்பினாலும் நம்புவார்கள்.

"நெஜம்தான் சார்" என்றார் தேவநேசன்.

"நிலத்த விக்க விடாம பண்றதுக்காக?"

"ஆமா சார்."

"அப்போ இத மட்டும் நாங்க எப்படி நம்பறது, சொல்லுங்கோ."

ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒருவர் அது நிஜமா என்று கேட்பார், தேவநேசனும் ஆமாம் என்பார். எழுந்து கும்பிட்டுவிட்டு வந்தார்.

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நேராகக் குழாய்க்குப் போனார். அதன் வாயில் பிளாஸ்டிக் பைகளும் தேங்காய் மட்டையும் வண்டலும் அடைத்திருந்தன. அறுபத்து மூன்று வயதில் குனிந்து ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டார். ரத்தினபாய் கரையேறி நின்று ஏரியைப் பார்த்தாள். கலங்கலுக்கு இன்னும் இரண்டு முழம் பாக்கி. புரட்டாசி பாதிகூட ஆகவில்லை. கிழக்கே, கடல் இருக்கும் பக்கம், வானம் அடியிலிருந்து கறுத்து வந்தது.

பட்டாபிராமனின் மனைவி ரமா மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். கரைமேல் நின்றவளைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"ஏம்மா, மழை வருமா? உங்களுக்கெல்லாம் பார்த்தாலே தெரியுமே."

ரத்தினபாய் கீழே குனிந்திருக்கும் கணவரையும் அந்தக் குழாயின் வாயையும் பார்த்தாள். பிறகு தன்னால் முடிந்த மட்டும் குரலை உயர்த்திச் சொன்னாள்:

"வரும்மா. நெறைய வரும்."

"வரட்டும், வரட்டும்" என்றாள் ரமா சந்தோஷமாக. "போர்ல சொட்டுத் தண்ணி இல்ல."